நஞ்சுக்கொடி மேலே ஏறிய விவரம்

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை வினோஜன் அவர்களுக்கு மாமனார் மாயாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமி மீனம்மாவும் முருகன் தயவில் நன்றாக இருக்கிறோம். உங்கள் மனைவி சர்மிளாவும் வயிற்றுப் பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்கிறார்கள். கத்தார் வெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதென்று அறிய ஆசை. இங்கே நாங்கள் வெயிலைக் கண்டு நாளாகிறது.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்மிளாவுக்கு நஞ்சு எதுவும் ஏறவில்லை. கடைக்காரப் பைஸர் முதலாளியின் மகன் ஹஸ்ஸான் கத்தாரிலிருந்து லீவில் வந்த இடத்திலிருந்து உங்களுக்கு ஏதோ செய்தி அனுப்பியதாகவும், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் கம்பெனியில் அழுது லீவு வாங்கி அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டதாகவும் நேற்றுத்தான் அறிந்தேன். சர்மிளா போனில் எவ்வளவோ விளக்கியும், "மாமா என்னதான் சொன்னாரு" என்று திரும்பத் திரும்பக் கேட்டீர்களாம். நியாயமான கேள்வி. நானே போனில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் மாமாவின் கையில் போன் கொடுக்கக் கூடாது என்று இந்த வீட்டுப் பெண்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். ஆகவே நாளை திரும்பக் கத்தாருக்கு விமானம் ஏறும் அதே ஹஸ்ஸானிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். கலக்கியவனே தெளிய வைக்கட்டும்.

ஆரம்பம் ஐந்தாம் மாத ஸ்கேன். அன்று உங்கள் மாமியால் கொழுந்து பறிக்கிற மலையை விட்டு வர முடியவில்லை, நான்தான் சர்மிளாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் கிளினிக்கில் ஆண்பிள்ளை என்று இருந்தது நான் ஒருவன்தான். சுவர் முழுக்கப் படங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் பார்க்கக் கூடாத ஏதோ ஒன்று அங்கே வெட்டிக் காட்டப்பட்டிருந்தது, அதனால் கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் முடிந்து சர்மிளா உடுப்பைச் சரிசெய்துகொண்டிருக்கையில் டாக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைத் தமிழாக்கி என்னிடம் சொன்னார். "ஐயா, நஞ்சுக்கொடி கீழ இருக்கு. இப்போதைக்குப் பயமில்ல, ஆனா கவனமா இருக்கணும்." அதற்குப் பிறகும் நிறையச் சொன்னார். எனக்குத்தான் நஞ்சு என்ற சொல்லோடு காது அடைத்துப்போனது. கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்ட பிறகு அது இடுப்புக்குக் கீழே உள்ள சங்கதி என்று தெரியவந்தால் மகளுக்கு முன்னால் என் முகத்தை எங்கே வைப்பது? "சரிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். நஞ்சுள்ள கொடி. கீழே இருக்கிறது. கவனமாக இருக்க வேண்டும். நம் லய வீட்டு வரிசைக்குக் கீழே தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் ஒரே ஒரு கொடிதான் உண்டு, அது பக்கத்து வீட்டு ராக்காயியின் சௌசௌக் கொடி. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சௌசௌக் கறிதான். ஆகா, மிஷின் வயிற்றுக்குள்ளே கறியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டது, இந்தக் காலத்து மிஷின் எதைத்தான் காட்டாது என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பயந்துவிடுவாளே என்று சர்மிளாவிடம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "மாப்பிள்ள, நஞ்சுக்கொடியாம், கவனமா இருக்கணுமாம்" என்று உங்களுக்கு அந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பினேன், அதோடுதான் போன் என் கையை விட்டுப் போனது. பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

பாதிக் கொடியை வெட்டி முடிக்கும்போது ராக்காயி ஓடிவந்தாள். "என்னண்ணே பண்றீங்க? காய்ச்சுத் தொங்குற கொடிண்ணே அது."

"தள்ளி நில்லு தங்கச்சி. இது நஞ்சுக்கொடி. டாக்டரே சொல்லிட்டாரு."

"எங் கொடியப் பத்தி டாக்டருக்கு என்னண்ணே தெரியும்?"

அவள் போட்ட சத்தத்தில் லயமே கூடிவிட்டது. மலையிலிருந்து இறங்கிய உங்கள் மாமி கூடையோடு அப்படியே வந்து நின்றார். ராக்காயியின் கணவர் செல்லசாமி, பாவம், வெட்டின கொடியைத் தூக்கி ஒட்டவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, கர்ப்பிணிகளைப் பார்க்க வீடு வீடாக வரும் மிட்வைஃப் தனுஜா மிஸ் வந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கி, "ஐயா, நர்ஸ் சொன்னத ஒரு வார்த்த விடாம அப்படியே சொல்லுங்க," என்றார். சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. தோள் குலுங்குவதை உற்றுப் பார்த்த பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

உங்கள் மாமிக்கு என்னைவிட முதலில் விளங்கிவிட்டது. "அட மனுசா, அது எளங்கொடி. பிள்ள பொறந்த பொறகு விழுமே, அது. அதப் போயி ராக்காயி தோட்டத்துல தேடுனியா?"

பிறகு தனுஜா மிஸ் சர்மிளாவையும் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். நஞ்சுக்கொடியில் நஞ்சு கிடையாதாம். தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்குச் சாப்பாடும் மூச்சும் அதன் வழியாகத்தான் போகிறதாம். பெயர் வைத்தவனை நான் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். அது கருப்பைக்குள் மேலே ஒட்டியிருக்க வேண்டியது, சர்மிளாவுக்குக் கீழே, கருப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, வயிறு வளர வளரப் பெரும்பாலும் தானாக மேலே போய்விடும், போகாவிட்டால் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுப்பார்கள் என்றார். அது வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நானும் கூரையைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் சொன்னார், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கத்தாரில் இருப்பது நல்லதாம். காரணத்தை மாமனார் எழுதுவது முறையில்லை, சர்மிளாவிடம் கேட்டுக்கொள்ளவும்.

அத்தோடு விட்டாரா? "இந்த லயத்து ஆம்பளைங்க எல்லாரும் அடுத்த கிழம வாசகசாலைக்கு வாங்க," என்று உத்தரவு போட்டுவிட்டார். போனோம். பெரிய படம் ஒன்றை மாட்டி, கருப்பை, சூலகம், பனிக்குடம், மாதவிடாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எங்களையும் திருப்பிச் சொல்ல வைத்தார். ஆளாளுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னோம். பனிக்குடம் என்றால் நுவரெலியாப் பக்கம் ஜனவரியில் உறைகிற தண்ணீர்க் குடம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிள்ளை மிதக்கிற நீர்ப்பையாம். பிறகு ஆம்பளை உடம்புக்கு வந்தார். "உங்கள்ல யாருக்காச்சும் விதைப்பையில வீக்கம், பாரம் அப்படி ஏதும் இருக்கா?" என்று கேட்டதும், நம் செல்லசாமி எழுந்து, "இல்லீங்க மிஸ், நான் போஞ்சி விதையெல்லாம் டின்னுலதான் போட்டு வச்சிருக்கேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, எங்களுக்கும் அவ்வளவுதான் தெரியும். மிஸ் படத்தில் தொட்டுக் காட்டினார். செல்லசாமி கிட்டப் போய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அதுவா மிஸ். அது இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. பேரு தெரியாம எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்," என்றார். மாப்பிள்ளை, இத்தனை காலமும் அந்த மனிதர் ஏன் அகட்டி அகட்டி நடக்கிறார் என்று நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம். மிஸ் கையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பயப்படும்படி ஒன்றுமில்லை, நீர்தான் சேர்ந்திருக்கிறது என்று சின்ன ஆபரேஷன் செய்து அனுப்பிவிட்டார்கள். இப்போது மலைப் பாதையில் எனக்கு முன்னால் நடக்கிறார். ராக்காயி கொடிக்காக என்னிடம் பேசாமல் இருந்தவள், மறுநாள் ஒரு தட்டில் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி ஹஸ்ஸான் விவகாரம். போன புதன்கிழமை எட்டாம் மாத ஸ்கேன். இந்த முறை நானே டாக்டரிடம் வாய் திறந்து, "நஞ்சுக்கொடி இப்ப எங்கங்க இருக்கு?" என்று கேட்டேன். நர்ஸ் சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்து, நன்றாக மேலே போய்விட்டது, சாதாரணப் பிரசவத்துக்கே பார்க்கலாம் என்றார். அந்தச் சந்தோஷத்தை வீடு வரைக்கும் தாங்க முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பைஸர் முதலாளி கடைக்குள் போய், "முதலாளி, பிள்ளைக்கு நஞ்சுக்கொடி மேல ஏறிருச்சு," என்றேன்.

முதலாளியின் கையிலிருந்த பருப்பு கீழே கொட்டியது. "அல்லாவே. மேலயா? நெஞ்சு வரைக்கும் ஏறிட்டா? டேய் ஹஸ்ஸான், ஆட்டோவக் கூப்பிடு."

"ஏறினா நல்லதுங்க முதலாளி," என்று நான் சிரித்தேன். அதுதான் பிசகிவிட்டது. மகளுக்கு நஞ்சு ஏறினால் நல்லது என்று ஒரு தகப்பன் சிரிப்பதைப் பார்த்த ஹஸ்ஸான், ஆட்டோ தேடி ஓடும் வழியிலேயே, சர்மிளாவுக்கு நஞ்சு ஏறிவிட்டது, கவலையில் மாமாவுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று உங்களுக்கு எழுதிவிட்டான். பிறகு நான் அங்கேயே நின்று கருப்பையிலிருந்து கருப்பை வாய் வரைக்கும் எல்லாவற்றையும் விளக்கினேன். சாமான் வாங்க வந்தவர்களும் நின்று கேட்டார்கள். முதலாளியின் மனைவி செரீபா உள்ளேயிருந்து, "மாயாண்டி அண்ணன் சரியாத்தான் சொல்றாரு," என்று குரல் கொடுத்தார். எனக்கு அது பெரிய மெடல்.

ஆகவே மாப்பிள்ளை, கவலைக்கு ஒன்றுமில்லை. தாயும் பிள்ளையும் பத்திரம். நீங்கள் இப்போது வர வேண்டாம். டிக்கெட்டை மாற்றி, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிற பருவத்தில் வந்தால் போதும், சித்திரைக்கும் சரியாக இருக்கும். இங்கே நான் இருக்கிறேன், எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கு நல்ல சுகமும், உங்கள் மேஸ்திரிக்கு நல்ல மனசும் கிடைக்க மாரியம்மன் அருளட்டும். மாமி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
மாயாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதைச் சர்மிளாவிடம் கொடுத்தேன். செல்லசாமி வரும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசிப் பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்பா, கொடி மேல போனது நல்லதுதான். அதுக்காக அவர வர வேணாம்னு சொல்ல உங்களுக்கு யாரு சொன்னா? ஒண்ணும் இல்லாட்டியும் எனக்கு அவரப் பாக்கணும்," என்றாள். இதற்கு எந்தப் படத்திலும் பெயர் எழுதியிருக்கவில்லை, ஆனாலும் எனக்கு விளங்கியது. ஆகவே மேலே உள்ளவற்றில் உறுப்புகளின் பெயர்களை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் புறப்பட்டு வாருங்கள்.