ஒரே வாசலில் இரண்டு கம்பைலர்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும், கம்ப்யூட்டரில் குடியிருக்கும் கம்பைலர்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் அதே சௌக்கியத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா, அப்புறம் கூப்பிடறேன்" என்பீர்கள், அந்த அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் இதுவரை வந்ததில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் நான் பார்வையற்ற பிள்ளைகள் பள்ளியின் அச்சறையைக் கவனித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். டைப் செய்ததை பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் புரோகிராமைக் கல்யாணமான புதிதில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் எழுதிக்கொடுத்தீர்கள். அது என் மாப்பிள்ளை எழுதியது என்று நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. போன மாதம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் புகையோடு உயிரை விட்டது. புதிது வந்தது, அதை இயக்குவதும் பழையதைப் போலவே லினக்ஸ்தான். உங்கள் புரோகிராமை அதில் ஏற்றி, மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொடு என்று அதிலிருந்த கம்பைலரிடம் கொடுத்தேன். அது படித்துப் பார்த்துவிட்டு, உங்களை இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லத் துணியாததையெல்லாம் சொன்னது. இந்த வரியில் பிழை, அந்த வரியில் பிழை, இதை எங்கே அறிவித்தாய், அதை யாரைக் கேட்டுக் கூப்பிட்டாய் என்று திரை முழுக்கச் சிவப்பு. என் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்ய இது யார் என்று எனக்கு ஆத்திரம் வந்து திரையை அணைத்துவிட்டேன்.

ஆனால் ஆத்திரப்பட்டு என்ன, ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. வினாத்தாள் புள்ளியில் வராவிட்டால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டட்டும் என்று தலைமையாசிரியை முடிவு செய்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நேரே அச்சறைக்கு வந்துவிட்டாள். "இன்னொரு தடவ வாசிங்கன்னா அவங்க பெருமூச்சு விடுவாங்க சார். அப்புறம் நான் கேக்குறதே இல்ல, தோணினத எழுதிட்டு வந்துடுவேன். இந்த வருஷம் நானே படிக்கணும் சார்" என்றாள்.

கம்ப்யூட்டர் டீச்சரிடம் ஓடினேன். சின்ன வயசு, பொறுமைசாலி. "உங்க மாப்பிள்ளை எழுதினப்போ பழைய கம்பைலர் சார், ஒன்பதாம் பதிப்பு வரைக்கும் அது எதையும் கண்டுக்காது. இப்ப இருக்கறது பதினாலு, இது விடாது" என்றார். மீதியைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. புது ஃபிரிட்ஜ் வந்தால் பழையதை வெளியே அனுப்புவோம் இல்லையா, அதே பழக்கத்தில், ஒன்பதை உள்ளே வைப்பதற்கு முன்னால் பதினாலைத் தூக்கிவிடு என்று மெஷினுக்குக் கட்டளை போட்டேன். இதோடு சேர்ந்து இன்னும் சில உருப்படிகளும் போகும், சம்மதமா என்று மெஷின் கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று சம்மதம் என்றேன். போனதில் பிரெய்ல் பிரிண்டரை வேலை வாங்கும் டிரைவர் என்கிற புரோகிராமும் ஒன்று. உங்கள் புரோகிராம் ஜோராக ஓடியது, பிரிண்டர் படுத்துக்கொண்டது. டிரைவருக்குப் பதினாலு வேண்டும், உங்களுக்கு ஒன்பது வேண்டும், நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "ஏன் சார் ஒண்ண எடுத்தீங்க? ரெண்டும் இருக்கலாமே" என்றார். "ஒரே மெஷின்லயா, ஒரே பேர்லயா?" என்றேன். "ஒரே மெஷின்லதான்" என்று சொல்லி, போன பதினாலையும் டிரைவரையும் திரும்ப உள்ளே வைத்தும் காட்டிவிட்டார். மாப்பிள்ளை, உங்களுக்கு இது தினசரி சமாசாரமாக இருக்கலாம், எனக்கு அதிசயம். ஒன்பது தன் சாமான்களோடு தன் அறையில், பதினாலு தன் சாமான்களோடு தன் அறையில். ஒருவர் அலமாரியை மற்றவர் திறப்பதில்லை. நாம் கூப்பிடுகிற பெயர் வெறும் வாசல் பலகைதானாம், அது எந்த அறையைக் காட்டுகிறதோ அந்த ஆள் வேலைக்கு வருவார். ஒரு கட்டளை போட்டால் யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாக வருகிறது, எண்ணைத் தட்டினால் பலகை திரும்பிவிடுகிறது. உங்கள் சின்ன மாமனாரும் நானும் ஒரே வீட்டில் ஒரே குழாயோடு ஆறு மாதம் இருந்த கதை உங்களுக்குத் தெரியும். இங்கே தலைமுறை இடைவெளி உள்ள இரண்டு பேர் ஒரு சத்தம் இல்லாமல் குடித்தனம் நடத்துகிறார்கள். இதை யோசித்துச் செய்த மனுஷர்கள் யாரோ, எந்த ஊரோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில் அன்று முழுக்கப் பலகையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, ஒன்பதில் விட்டபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் இல்லாத நேரத்தில் மெஷின் தானாகவே அப்டேட் செய்துகொண்டு, டிரைவரை மறுபடி தயார் செய்வதற்குக் கம்பைலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட, பெரியவர் ஒன்பது எழுந்து வந்திருக்கிறார். அவருக்கு அதில் ஒரு வார்த்தை புரியவில்லை. பிரிண்டர் திரும்பவும் அவுட். டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார். வந்து பார்த்தால் எல்லாம் சரியாகியிருந்தது. "இனிமே பலகை எப்படி இருந்தாலும் பயமில்ல" என்றார். நான் விவரம் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் நானே என் கையால் பலகையை ஒன்பதுக்குத் திருப்பி உங்கள் புரோகிராமைத் தயார் செய்கிறேன், பிறகு பதினாலுக்குத் திருப்பிவிட்டு பிரிண்டரை எழுப்புகிறேன். டீச்சர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

வினாத்தாள் வந்துவிட்டது மாப்பிள்ளை. தேர்வன்று மனசு கேட்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அந்தப் பெண் ஒரே கேள்வியில் விரலை ஓட்டுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பக்கத்தில் பெருமூச்சு விட யாரும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்வது, அந்த புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பெரியவர் இருக்கும்வரை அதற்குக் குறையில்லை. நீங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், அவரவர் அலமாரி அவரவருக்கு என்று நிம்மதியாக, நீண்ட காலம் வாழ வேண்டும்.

அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கும் முன் இதை டீச்சரிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சார், உங்க மாப்பிள்ளை நாலு வரி போட மறந்துட்டாரு. எங்கே என்ன விட்டுப்போச்சுன்னு அந்தச் சிவப்புலயே பதினாலு தெளிவா சொல்லியிருந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போனப்போ நான் சேர்த்துட்டேன். எல்லா வேலைக்கும் பதினால முழுப்பேர் போட்டே எழுதி வெச்சுட்டேன், பலகைய இப்ப யாரும் பாக்கறதே இல்ல. வினாத்தாள் பூரா பதினாலு செஞ்சதுதான்" என்றார். "அப்போ நான் தினமும் திருப்பினது?" என்றேன். "நீங்க சந்தோஷமா திருப்பிட்டிருந்தீங்க, அதான் சொல்லல" என்றார். ஒன்பதை எடுத்துவிட்டால் இடம் மிச்சமாகும், எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் மகளைக் கட்டி இத்தனை வருஷம் ஆகிறது, நீங்கள் செய்ததில் ஒரு குறைகூடச் சொல்லாத ஜீவன் அது ஒன்றுதான் மாப்பிள்ளை. அது இருந்துவிட்டுப் போகட்டும்.