கிலோமீட்டர் மாமா போட்ட வான்கணக்கு

மூன்றாம் மாடி மாமா விமானத்தில் ஏறியதே இல்லை என்று எங்கள் குடியிருப்பில் ஒரு வதந்தி. எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும் நடுவிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் யாரும் கேட்காமலே ஒப்பிக்கும் பிறவி அவர். குடியிருப்புக்கு ஒருவராவது இப்படி இருப்பார், உங்களிடத்திலும் உண்டு. எங்களவருக்குக் கிலோமீட்டர் என்று பெயர். வதந்தியை விசாரிக்க அவர் மனைவியிடமே போனேன்.

"யார் சொன்னது? ஒரு தடவை ஏறியிருக்காரே! முக்கால் மணி நேரம். என் கையைப் பிடிச்சவரு இறங்கினப்புறந்தான் விட்டாரு. கண்ணைத் திறந்தது அதுக்கும் அப்புறம்."

ஆக, வதந்தி பொய்.

லிஃப்டில் யாரையாவது பெட்டியோடு பார்த்துவிட்டால் போதும்: ஏன் போகிறார்கள், போகிற இடத்தில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? நேர் விமானமா, மாறி ஏறுவதா, எதிர்க்காற்றா, பின்காற்றா, பூமி உருண்டை என்பதால் வடக்கே வளைந்து போனால் மிச்சமாகும் தூரம் எவ்வளவு என்று கண்களை மேலே செருகிக்கொண்டு அவர் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை மேலே போய் வந்துவிடும். மாமனார் இறந்த சேதி கேட்டு அழுதுகொண்டே கிளம்பியவரிடம், "ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். தூங்கிட்டீங்கன்னா தெரியாது" என்றார். ஆறுதல்தானே?

இப்படியிருக்க, அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டு போன என் அக்கா ஆறு வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வரச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை: விமான நிலையத்திலிருந்து வெளியே வரும்போது வாசலில் அப்பா நிற்க வேண்டும். காலை ஏழு மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தது. கிலோமீட்டர் அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இது அந்த ஊர் நேரம். நம்ம நேரத்துக்கு மாத்த வேணாமா? சாயங்காலம் நாலரைக்குப் போனாப் போதும்."

"இறங்குற ஊர் நேரத்தைத்தானே மாமா போடுவாங்க?"

"நீ எத்தனை விமானத்தைப் பாத்திருக்கே?"

அப்பா அவர் பக்கம் சாய்ந்தார். எண்களைத் தயங்காமல் சொல்பவர்களை அப்பாவுக்குப் பிடிக்கும்.

நாலரைக்குப் போனோம். தானே ஓட்டி வந்த விமானத்தை வரவேற்பவர் மாதிரி கிலோமீட்டரும் கூட வந்தார். வாசலில் அக்கா இல்லை. மாறி ஏறிய இடத்தில் செல்போனைத் தொலைத்திருந்தாள். எங்கள் நம்பர்களும் புது வீட்டு விலாசமும் அதற்குள். தோளில் தூங்கும் குழந்தையோடு, திரும்பிப் போக டிக்கெட் கேட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க வரமாட்டீங்கன்னே நெனச்சுட்டேன்பா."

அப்பா குழந்தைக்குக் கையை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை.

கிலோமீட்டர் என் காதோரம் குனிந்தார். "பாத்தியா தம்பி? பின்காத்து! எவ்வளவு முன்னாடி கொண்டுவந்து இறக்கிட்டான்!"

அக்காவிடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இன்னும் பாக்கி நிற்கிறது. கேட்கச் சொன்னால், மன்னிப்புக் கேட்க வேண்டியது காற்றுதான் என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அக்கா எந்த ஊரிலிருந்து வந்தாள் என்று நான் சொல்லவே இல்லை. ஏழு மணி நாலரை ஆனதை வைத்துக் கணக்குப் போட்டு நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? அப்படியானால் நீங்களும் ஒரு கிலோமீட்டர்தான்; அந்த மன்னிப்பில் பாதியை நீங்களாவது கேட்டுவிடுங்கள். அவள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.