பதில் சொன்ன சீலிங்

பல் டாக்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுத்தியலின் மரப்பிடியால் ஹால் சீலிங்கைத் தட்டிக் காதைச் சாய்த்தார். தொக். நகர்ந்து இன்னொரு தட்டு. தொக். எந்தப் பக்கம் தட்டினாலும் அதே சத்தம்.

"மாப்பிள்ளை, அது பல்லு இல்ல," என்றார் சாய்வு நாற்காலியிலிருந்த மாமனார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. தட்டினா உள்ள சொத்தையா கெட்டியான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

விஷயம் இதுதான். மாமனாருக்குத் தோளில் ஆபரேஷன் ஆகி, வலது கை துணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சீலிங்கில் ஒரு கப்பி மாட்டி, கயிற்றை இழுத்து இழுத்து அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பழக வேண்டுமாம். கப்பி வெறும் பலகையில் நிற்காது. பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மரச்சட்டத்தில்தான் திருகாணி ஏற வேண்டும். சட்டம் எங்கே ஓடுகிறது என்று மேலே போய்ப் பார்க்கவும் வழி கிடையாது. சீலிங்குக்கு மேல் ஒரு முழம் இடைவெளி, அதற்கு மேல் தகரக் கூரை. அந்தக் கூரையும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய ஒரே கூரை.

"ஆளைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி வேலைக்குப் போனாள். டாக்டர் கூப்பிடவில்லை. காரணம், சகலை.

"பெரிய மாப்பிள்ளை இதெல்லாம் கண்ணை மூடிட்டுச் செய்வார். சாயந்திரத்துக்குள்ள ஆகலேன்னா சொல்லிடுங்க, பொட்டியைக் கட்டிட்டு அங்க போயிடறேன்," என்று மாமனார் காலையிலேயே அறிவித்திருந்தார். லீவு போட்டு, சாப்பாடு ஊட்டி, தலை வாரிவிட்டு, முதுகு சொறிந்துவிட்டு, கடைசியில் நல்ல பெயர் சகலைக்கா? டாக்டருக்கு வயிறு எரிந்தது.

ஓங்கி மூன்று தட்டு தட்டினார்.

மேலிருந்து மூன்று தட்டு பதிலுக்கு வந்தது.

டாக்டர் குனிந்து கீழே பார்த்தார். "மாமா, நீங்களா தட்டினீங்க?"

"தட்ட எனக்குக் கை எங்க இருக்கு?"

"எலியா இருக்கும்."

"எலி எண்ணிட்டா தட்டும்?"

டாக்டர் இரண்டு தட்டினார். இரண்டு வந்தது. ஸ்டூலை ஜன்னல் பக்கம் நகர்த்தி ஒன்று தட்டினார். அதுவும் கூடவே நகர்ந்து வந்து ஒன்று தட்டியது. இத்தனை வருட சர்வீஸில் ஒரு பல்கூட அவருக்குப் பதில் தட்டியதில்லை.

"வேண்டாம் மாப்பிள்ளை. என்னமோ அடைஞ்சு கிடக்கு. கீழ இறங்குங்க."

"இறங்கினா நீங்க பொட்டி கட்டுவீங்களே."

படித்த மூளை ஒரு சமாதானம் கண்டுபிடித்தது. சத்தம் திரும்பி வருகிறதென்றால் அங்கே கெட்டியாக ஏதோ இருக்கிறது. அப்படியானால் அதுதான் சட்டம். டாக்டர் டிரில்லிங் மெஷினை எடுத்து அங்கேயே ஒரு ஓட்டை போட்டார். முகமெல்லாம் வெள்ளைப் பொடி கொட்டியது. உள்ளே வெறும் காற்று. மெஷினை நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

அவர் மூக்குக்கு நேராகப் பலகையைப் பொத்துக்கொண்டு ஒரு நீளமான இரும்பு முனை இறங்கியது. சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு, வந்த வழியே மேலே போய்விட்டது.

டாக்டர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நம்ப முடியாமல் தள்ளிப் போய் மெதுவாக ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அங்கேயும் முனை இறங்கியது. மூலையில் தட்டினார். மூலையிலும் இறங்கியது.

"தட்டாதீங்கன்னா கேக்கறீங்களா," என்றார் மாமனார்.

அப்போது மேலே தடதடவென்று என்னவோ பெயர்ந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு உடைந்து ஹால் நடுவில் விழுந்தது. டாக்டர் ஸ்டூலிலிருந்து குதித்து மேஜைக்கடியில் புகுந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டார். பெண்ணைக் கொடுத்த மாமனாரை வெளியே விட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் வெளியே வரவில்லை.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகு எட்டிப் பார்த்தார். மாமனார் நாற்காலியிலேயே இருந்தார். கை துணிக்கட்டில் பத்திரமாக இருந்தது. தரையில் நல்ல வெயில் விழுந்திருந்தது.

கதவு திறந்தது. மனைவி. பின்னால் தலையெல்லாம் துருப்பொடியோடு, கையில் மெஷினோடு ஒரு ஆள்.

"ஏங்க, கூரை மேல இவரை யாரு ஏத்தி விட்டது?"

"சாரைக் கோவிச்சுக்காதீங்கம்மா," என்றார் அந்த ஆள். "நீங்க போன்ல சொன்ன மாதிரியே சார் உள்ள இருந்து தட்டிக் காட்டினாரு. நானும் பதிலுக்குத் தட்டிட்டு, அவர் தட்டின இடத்துல எல்லாம் துளை போட்டேன். ஒண்ணுலகூடச் சட்டம் மாட்டல. சுடுதண்ணி டாங்கியை எதுல நிறுத்தறது?"

"நாங்க டாங்கியே கேக்கலையே," என்றாள் மனைவி.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் தெளிவாகக் கேட்டது. யாரோ பொறுமையிழந்து சீலிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமனார் மெல்ல எழுந்தார்.

"என் பொட்டியை எடும்மா. பெரிய மாப்பிள்ளை வீட்டுல கூரைன்னு ஒண்ணாவது இருக்கும். இந்தக் கையை வெச்சுக்கிட்டு இங்க இருக்க முடியாது."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊட்டிய சோறெல்லாம் போச்சு.

கூரை ஆளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க சார். இன்னும் நாலு போட்டிருப்பேன். எதுவும் மாட்டலையேன்னு தகரத்தைக் கழட்டி, பலகையையும் உடைச்சு எட்டிப் பார்த்தா, இந்தப் பெரியவர்தான் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி ஆட்டி, 'நிறுத்துடா'ன்னாரு."