வெயில் வரும் யன்னல்

வைத்தியர் மியோக்கோ மறுபடியும் தலையணையை எடுத்து, யன்னலுக்கு எதிரே, மெத்தையின் மற்ற அந்தத்தில் வைத்தார்.

ரதிதேவி எழுந்து உட்கார்ந்தாள். கழுத்து இடப்பக்கம் பிடித்திருந்தது.

"என்னவாம்?"

"அங்காலை தலைவைச்சுப் படுக்கட்டாம்," என்றான் அவள் கணவன் ஆனந்தராசா. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றான்.

"அது வடக்கெல்லோ?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"மத்தியான வெயில் இந்த யன்னலாலை வருது. அப்ப இது தெற்கு."

விஞ்ஞானப் பட்டதாரியோடு அவன் வாதாடுவதில்லை.

ஊரை விட்டு, உலகத்தின் தென்கோடியில் இருக்கும் ஆக்லாந்துக்கு அவர்கள் வந்து மூன்று கிழமைதான். திங்கட்கிழமை நுணுக்குக்காட்டிக்கு மேல் குனிய முடியாவிட்டால் பால் பரிசோதனைக்கூட வேலை போய்விடும். வேலை போனால் விசாவும் போய்விடும். மாத்திரைக்குக் கழுத்து மசியவில்லை. கடைசி நம்பிக்கையாக மவுண்ட் ஆல்பர்ட்டின் இந்தப் பழைய மரவீட்டுக்கு, ஜப்பானிய ஷியாட்சு வைத்தியத்துக்கு வந்திருந்தாள். உடம்புக்குள் சக்தி ஓடும் பாதைகள் உண்டாம். ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்துவிடுமாம். பெருவிரலால் அழுத்திச் சமநிலைக்குக் கொண்டுவரலாமாம். மியோக்கோ தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் சொன்னது அவ்வளவுதான்.

ரதிதேவி தலையணையோடு யன்னல் பக்கமே நகர்ந்தாள். மியோக்கோ குனிந்து வணங்கி, அவளை மெல்லத் திருப்பினார்.

"வடக்கே படுக்க மாட்டன் எண்டு வாயைத் திறந்து சொல்லுமன்."

"வருத்தம் மாத்த வந்த இடத்திலை ஆயுள் குறையிற கதை கதைக்கிறதோ? நீங்க சொல்லுங்கோ."

"எனக்கெங்கை கழுத்து நோகுது?"

ரதிதேவி சமாதானமாகக் குறுக்கே படுத்தாள். மெத்தை அகலம் போதாமல் தலை தரைக்குச் சரிந்தது. வலப்பக்கமும் பிடித்துக்கொண்டது.

"இப்ப இரண்டு பக்கமும் சமநிலை," என்றான் ஆனந்தராசா.

அவள் ஊர்ந்து யன்னலுக்கே திரும்பினாள். மியோக்கோ அவள் வயிற்றை மெதுவாக அழுத்தினார். கழுத்துக்கு ஏன் வயிறு என்று அவளுக்கு விளங்கவில்லை.

"வீட்டில் கவலையா?" என்று மியோக்கோ கேட்டார்.

திங்கட்கிழமையை நினைத்து ரதிதேவி "ஓம்" என்று தலையாட்டப் பார்த்தாள். தலை ஆடவில்லை; கண்ணீர்தான் வந்தது.

மியோக்கோ ஆனந்தராசாவை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கள் வெளியே."

"நான் என்ன செய்தனான்?" அவன் சப்பாத்தோடு வெளியே போனான்.

மியோக்கோ ஓடிப்போய் வீட்டுக்காரி ஹெலனைக் கூட்டிவந்தார். வாசலில் நின்று ஏதோ குசுகுசுத்தார்கள். பிறகு ஹெலன் முழங்காலிட்டு, ரதிதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, கணவர் வெளியேதான் நிற்கிறார். பயப்படாமல் சொல். உனக்குச் சாகிற எண்ணம் ஏதும் இருக்கிறதா?"

"எனக்கோ?"

ரதிதேவி திடுக்கிட்டு ஹெலன் பக்கம் திரும்பினாள். கழுத்து 'கடக்' என்றது. பிடிப்பு விட்டுவிட்டது.

"பின்னே என்னம்மா? ஜப்பானில் பிணத்தைத்தான் வடக்கே தலைவைத்துக் கிடத்துவார்களாம். இவள் உன்னைத் தெற்கே தெற்கே திருப்ப, நீ இந்த நாட்டு வெயில் வரும் வடக்கு யன்னலுக்கே போய்ப் படுக்கிறாயாமே."