பிராந்திக்கடையில் வைத்த வாசனை

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் வெயிலைக் கேள்வி கேட்ட மனிதர் ஒருவர்தான். மற்றவர்கள் வெயில் அடித்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அவர் மட்டும் நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "முப்பத்தெட்டரை. நேத்து இப்படி இல்லியே" என்று வருத்தப்படுவார்.

அவர் பெயர் டிகிரி. காலேஜ் வாசலைக்கூட மிதிக்காதவர். பேச்சுக்குப் பேச்சு டிகிரி கணக்குச் சொன்னதால் வந்த பெயர். எண்பதுகளின் நடுவில், பாகூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன விவசாய ஆபீசில் நான் குமாஸ்தா. அவர் வயல்வயலாகப் போய்ப் பூச்சி பார்க்கும் களப்பணியாளர். டீக்கடையில் கிளாசை வாங்கியதும் வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அறுவத்திரண்டு. இது டீ இல்லப்பா, கழனித்தண்ணி" என்று திருப்பிக் கொடுப்பார். ஒரு கல்யாணத்தில் ஹோமப் புகைக்கு நடுவே போய் நின்று, "மாப்ள பக்கம் நாப்பத்தொண்ணு, பொண்ணு பக்கம் முப்பத்தாறு. எடத்த மாத்திப் போடுங்க" என்று சொல்லி, பெண்ணின் தாய்மாமனிடம் அடி வாங்கப் பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தியில் உட்கார வைத்தேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் தலைமை ஆபீசிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ரப்பர் மூடிகள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியைத் தின்னும் வெட்டுப்புழு இருக்கிறதே, அதன் தாய்ப்பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து அந்த ரப்பரில் ஏற்றியிருந்தார்கள். ஒரு தகரத் தட்டின் அடியில் மூடியைத் தொங்கவிட்டு, கீழே நீளமான பாலிதீன் பையைக் கட்டிவிட வேண்டும். வாசனையை நம்பி வரும் ஆண்பூச்சி பைக்குள் விழும். காலையில் பையைப் பார்த்தால் கொல்லையில், அதாவது மல்லாட்டை வயலில், பூச்சி நடமாட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

டிகிரி இதை விவசாயிகளுக்கு விளக்கியபோது முன்வரிசையில் அஞ்சலை இருந்தாள். புருஷன் போன பிறகு இரண்டு காணி மல்லாட்டையைத் தனியாகப் பார்த்துவந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா சார், பொம்பள வாசனையக் காட்டி ஆம்பளயப் புடிக்கிறதா? கெவுருமெண்டே இந்த வேல செய்யலாமா?"

கூட்டம் சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று. டிகிரி சிரிக்கவில்லை. "பூச்சிக்குத்தாம்மா" என்றார்.

தையில் பைக்கு ஐந்தாறு பூச்சி விழுந்தது. மாசியில் இருபது, முப்பது. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் திடீரென்று ஒன்றுமில்லை. எல்லாப் பையும் காலி. எங்கள் அதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. மூடியின் ஆயுள் ஒரு மாதம் என்று உறையில் போட்டிருந்ததால், ஆபீஸ் பீரோவில் இருந்த புது மூடிகளை எடுத்து மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அப்போதும் காலி.

"பூச்சி ஒழிஞ்சிது. ரிப்போர்ட் எழுதிடலாம்" என்றார் அதிகாரி.

"பூச்சி போகல சார். வாசனைதான் போயிடுச்சு" என்றார் டிகிரி.

"புதுசுதானேய்யா மாத்துனோம்?"

டிகிரி பீரோவைத் திறந்து வெப்பமானியை உள்ளே வைத்துச் சாத்தினார். மேலே கல்நார்க் கூரை, பக்கத்தில் மேற்கு ஜன்னல். கால் மணி கழித்து எடுத்துக் காட்டினார். நாற்பத்து நான்கு.

"இது பீரோ இல்ல சார், அடுப்பு. சூடு ஏற ஏற வாசனை வேகமா ஓடிப்போவும். தொங்கவிட்டதும் அப்பிடித்தான் தீந்துபோச்சு, உள்ள வெச்சதும் உள்ளயே தீந்துபோச்சு. எந்தக் குளிர் தேசத்துல இருந்துக்கினு ஒரு மாசம்னு போட்டானோ!"

அதிகாரி வெப்பமானியை ஒரு தரம், டிகிரியை ஒரு தரம் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை எழுதப் போனார்.

டிகிரி அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லைகொல்லையாகப் போனார். "இலையத் திருப்பி அடியில பாருங்க. பழுப்புப் பஞ்சு மாதிரி முட்ட இருக்கும். இப்ப கிள்ளி எடுத்தா பொழச்சிங்க. பொரிஞ்சா செடி மிஞ்சாது." ஒருவரும் கேட்கவில்லை; கொல்லையில் மறுபடி மூடி கட்டவும் விடவில்லை. காரணம் வேறு. டிகிரி குடிக்கிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. இரண்டு மாதமாக அவர் வாரத்துக்கு இரண்டு நாள், கடை திறந்த கையோடு, மெயின்ரோட்டு பிராந்திக்கடைக்குள் போவதைப் பலர் பார்த்திருந்தார்கள். நானும் பார்த்தேன். ஒருநாள் அவர் கடைப்படி இறங்கும்போது எதிரே வந்த நான், பார்க்காத மாதிரி ரோட்டின் மறுபக்கம் போய்விட்டேன். அவர் என்னைக் கூப்பிட வாயெடுத்ததும் எனக்குத் தெரியும். அதன்பிறகு டீக்கடைக்குக் கூப்பிட்டால் எனக்கு வேலை இருந்தது. அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

"காத்தாலயே ஊத்திக்கினு வந்து இலைய எண்ணச் சொல்றாரு" என்று விவசாயிகள் சிரித்தார்கள்.

அஞ்சலைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. இரண்டு காணியும் அவளுக்கு வருஷத்துச் சோறு. ஒருநாள் காலை பத்தரை மணிக்கு நேராக பிராந்திக்கடைக்குப் போனாள். பொம்பளை ஒருத்தி படியேறுவதைப் பார்த்து உள்ளே இருந்தவர்கள் கிளாசை மறைத்தார்கள். எதிர்ப்பக்கம் போஸ்ட் ஆபீசுக்கு வந்த நான், என்ன ஆகுமோ என்று பின்னாலேயே ஓடினேன்.

டிகிரி அங்கேதான் இருந்தார். பீர் வைக்கும் ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டில்களுக்கு நடுவிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் இது?"

"எட்டு டிகிரிம்மா" என்றார் அவர்.

கடைக்காரர்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். "தைமாசமே பத்து ரப்பர் மூடியக் கொண்டாந்து, ஊர்ல வேற குளிர்ப்பொட்டி இல்லன்னு கால்ல விழாத குறையா கேட்டாருங்க. வாரத்துக்கு ரெண்டு தபா வந்து டிகிரி பாக்கறாரு. ஒரு சோடாகூட குடிச்சதில்ல. வியாபாரத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத மனுசன்."

அஞ்சலை டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். "குளிர்ல வெச்சா இன்னா ஆவும்?"

"கற்பூர டப்பாவத் தெறந்து வெயில்ல வெச்சா இன்னா ஆவும்?"

"பறந்துடும்."

"அவ்ளோதாம்மா. இந்த வாசன வெயில்ல ஊதாரி, குளிர்ல கஞ்சன். கஞ்சனா வெச்சிருந்து, வேணுங்கற அன்னிக்கு வெளிய எடுக்கணும்."

அன்றே டிகிரி அவள் கொல்லையில் ஒரு மூடியைத் தொங்கவிட்டார். மறுநாள் காலை நானும் போனேன். பாலிதீன் பையில் கால்வாசிக்குப் பூச்சி. எண்ணினோம்; ஐம்பத்து மூன்று. அஞ்சலை பையைப் பார்க்கவில்லை. குனிந்து இலைகளைத் திருப்பினாள். நாலாவது செடியிலேயே பழுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தது.

அவள் பையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தாள். "யோவ், பாருங்கய்யா! குடிகாரன் புடிச்ச பூச்சியப் பாருங்க! போயி உங்க இலையத் திருப்புங்க!" மத்தியானத்துக்குள் கொல்லையெங்கும் ஆட்கள் குனிந்திருந்தார்கள். முட்டையிருந்த இலைகளை மூன்று நாள் கிள்ளி, மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டார்கள். ஏரிக்கரை ஓரம் இரண்டு கொல்லைகளில் ஏற்கெனவே பொரித்துவிட்டது. அங்கே இலையெல்லாம் சல்லடையாகிப் போயிற்று. மற்றதெல்லாம் தப்பியது.

அதிகாரி தன் ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். கிழித்த கையோடு டிகிரிக்கு மெமோ கொடுத்தார்: 'அரசுப் பொருளை மதுக்கடையில் வைத்தது ஏன்?' டிகிரி அடியில் ஒரே வரி எழுதினார்: 'அங்கே எட்டு, இங்கே நாற்பத்து நான்கு.' அதைத் தலைமை ஆபீசுக்கு அனுப்ப முடியாமல் அதிகாரி என் மேஜைக்குள் போட்டு மூடச் சொன்னார்.

அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு வந்த பெட்டி முழுவதும் பிராந்திக்கடை ஃபிரிட்ஜுக்கே போனது. அதிகாரியே நேரில் போய்ப் பார்வையிட்டார். அதிகாரியும் குடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. கடைக்கு வந்த ஒருவர், தொட்டுக்கொள்ள வைத்திருக்கிறார்கள் என்று ஒரு மூடியை வாயில் போட்டு மென்றுவிட்டார். அன்று அவர் பின்னாலேயே நாலு ஆண்பூச்சிகள் வீடு வரைக்கும் போயின என்று ஊரில் சொன்னார்கள். அதை நான் பார்க்கவில்லை.

ஒருநாள் தைரியம் வந்து டிகிரியிடம் கேட்டேன். "அன்னிக்கு ரோட்ல நான் ஒதுங்கிப் போனேனே... நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்?"

"எத?"

"குடிக்கலன்னு."

அவர் வெப்பமானியைச் சட்டைப் பையில் போட்டார். "நீங்க கேக்கலியே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த வருஷம் அவரை வில்லியனூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அறுவடை முடிந்ததும் அஞ்சலை ஒரு மஞ்சள் பை நிறைய அவித்த மல்லாட்டையோடு ஆபீசுக்கு வந்து, "அந்தாளு இல்லியா? நீயாவது கொண்டுபோயிக் குடு சார்" என்று என் மேஜைமேல் வைத்தாள்.

அவர் ஆபீசுக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வில்லியனூர் போனேன். டிகிரி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். பையைப் பிரித்து, நின்றபடியே உரித்து உரித்துத் தின்றார். எனக்கும் கைநிறையக் கொடுத்தார். நான் கேட்காமலேயே அந்த ஊர் புழு, அந்த ஊர் வெயில் எல்லாவற்றையும் சொன்னார். பாகூர் பஸ் வந்தது. "கூட்டமா இருக்குது, அடுத்ததுல போறேன்" என்றேன்.

பஸ்ஸில் ஏழெட்டு பேர்தான் இருந்தார்கள். அடுத்த பஸ்ஸிலும் நான் ஏறவில்லை.