பதினேழாம் எண் மேலே வந்துவிட்டார்

ஞாயிற்றுக்கிழமை என்பது மனிதன் வீட்டில் படுத்துக் கிடப்பதற்காக ஏற்பட்டது. இதில் உலகத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, என் மச்சானைத் தவிர. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, ஆக வேண்டிய அவசரமும் தெரியவில்லை, மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஊரில் எது புதிதாக வந்தாலும் முதல் ஆளாகப் போய் அதில் விழுந்துவிட்டு வருவான். போன வருஷம் மலையேறுகிறேன் என்று பாறையில் விழுந்தான். இந்த வருஷம் தண்ணீர்.

ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரி இருந்தது. கல்லையெல்லாம் வெட்டி விற்றுத் தீர்த்த பிறகு பள்ளம்தான் மிச்சம். மழை பெய்து அதுவும் நிரம்பிவிட்டது. சும்மா கிடந்த அந்தப் பள்ளத்தை ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, அடியில் ஓட்டை உடைசல் பேருந்து ஒன்றை இறக்கி, ‘நன்னீர் ஸ்கூபா மையம்’ என்று பலகை மாட்டியது. அதற்குக் கீழே, ‘வாடிக்கையாளரே எங்கள் மூச்சு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“அத்தான், கடலுக்குப் போகாமலே கடலுக்கு அடியில போய்ட்டு வந்த மாதிரி இருக்குமாம்” என்றான் மச்சான்.

“கிணத்துல குதிச்சாலும் அப்படித்தான்டா இருக்கும். காசும் கிடையாது.”

“கிணத்துல பஸ் இருக்கா?”

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். போனோம்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ‘புன்னகை அதிகாரி’ என்று அட்டை குத்தியிருந்தது. வேலை நேரம் முழுக்கச் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவாம். பாவம், பல்வலிக்காரர் போலத்தான் சிரித்தார். அங்கே எல்லாருமே காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு தரையில் தடக் தடக் என்று நடந்தார்கள். ‘தொழில் சூழல் உணர்வு’ வர வேண்டும் என்று ஏதோ ஆலோசகர் சொன்னாராம்.

“நுழைவுக் கட்டணம், சிலிண்டர் வாடகை, நனைதல் கட்டணம், தெளிவுக் கட்டணம், மேலே வரும் கட்டணம்” என்று வாசித்தார் புன்னகை அதிகாரி.

“நனையறதுக்குமா?”

“நனையாம இறங்குறதா இருந்தா எடுத்துடலாம் சார்.”

“தெளிவுக் கட்டணம்னா என்னம்மா?”

“தண்ணி தெளிவா இருந்தா வாங்குவோம் சார்.”

“கலங்கலா இருந்தா?”

“அது மர்மக் கட்டணம். கொஞ்சம் கூட.”

“சரி, மேலே வர்றதுக்கு எதுக்குக் காசு?”

“அது கட்டாயம் இல்லை சார். விருப்பம் இருந்தா கட்டலாம். ஆனா பெரும்பாலும் எல்லாரும் விரும்புறாங்க.”

நானும் விரும்பினேன். இரண்டு பேருக்கும் சேர்த்தே விரும்பினேன்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. கரையில் ஆணி அடித்த ஒரு பலகை இருந்தது. ஆளுக்கு ஒரு எண் போட்ட தகர வில்லை தருவார்கள். தண்ணீரில் இறங்கும்போது அதைப் பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக் கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும். பலகையில் வில்லை தொங்கினால் ஆள் கீழே. தொங்காவிட்டால் ஆள் மேலே. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லக்கூடாது. எனக்குப் பதினொன்று. மச்சானுக்குப் பதினேழு.

இறங்கினோம். கீழே பச்சையாக, மங்கலாக, பாசி படிந்து அந்தப் பேருந்து நின்றது. நான் ஜன்னலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று இருந்தேன். மச்சான் விடுவானா? உள்ளே புகுந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கேமராவைத் தன் பக்கமே திருப்பிப் படம் எடுத்துக்கொண்டான். எழுந்திருக்கப் பார்த்தபோது முதுகு சிலிண்டரின் வார், ஸ்டியரிங்குக்குப் பின்னால் எதிலோ சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன். அவன் இழுத்தான். வார் இன்னும் இறுகியதே தவிர விடவில்லை. அறுக்க வேண்டும். கத்தியோ, ‘பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு’ வாடிக்கையாளர் யாருக்கும் தருவதில்லை. மச்சான் கையை வேகமாக ஆட்டி, மேலே போ, ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றான். அவன் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

கரையேறிய வேகத்தில், வில்லை இல்லாமல் போனால் கவுண்டரில் வாயைத் திறக்க விடமாட்டார்களே என்று பலகையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். என் மூக்குக் கண்ணாடி லாக்கரில் இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் பதினொன்றும் பதினேழும் எனக்கு வெறும் குச்சிகள்.

புன்னகை அதிகாரி வில்லையை வாங்கிப் பார்த்து ஒரு மணியை அடித்தார். “பதினேழாம் எண் வெற்றிகரமாக மேலே வந்துவிட்டார். வாழ்த்துகள்!”

“அம்மா, என் மச்சான் பஸ்ஸுக்குள்ள மாட்டிக்கிட்டான்! உடனே ஆளை அனுப்புங்க!”

“பதறாதீங்க சார். அவர் நம்பர் என்ன?”

“பதினேழு.”

“பதினேழுதான் வந்துட்டாரே சார். இப்பதானே மணி அடிச்சேன்.”

“வில்லையை மாத்தி எடுத்துட்டேன்மா. நான்தான் பதினொன்னு.”

அவர் எட்டிப் பலகையைப் பார்த்தார். “பதினொன்னு கீழே இருக்கார் சார்.”

“உங்க எதிர்ல நிக்கிறேனே!”

“நீங்க நிக்கிறீங்க சார். அதை நான் இல்லைன்னு சொல்லலை.”

நான் போட்ட கூச்சலில் உள்ளேயிருந்து மேலாளர் தடக் தடக் என்று வந்தார். ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சித் துறை’ என்று அவர் அட்டையில் இருந்தது. நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“உங்க மன உளைச்சல் எங்களுக்குப் புரியுது சார். ஆனா பலகைதான் இங்கே இறுதி. ஆளை நம்பினா ஏமாந்துடுவோம். போன மாசம் ஒருத்தர், நான் மேலே வந்துட்டேன், மேலே வந்துட்டேன்னு சாதிச்சார்.”

“வந்திருந்தாரா?”

“வந்திருந்தார். ஆனா பலகையில இல்லை.”

நான் குவாரியைக் காட்டினேன். நடுவில், பேருந்துக்கு நேர் மேலே, கொத்துக் கொத்தாகக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. “அதோ பாருங்க! அவன் மூச்சு! அவன் அங்கேதான் இருக்கான்!”

மேலாளர் கையை நெற்றியில் வைத்து உற்றுப் பார்த்தார். “குமிழி வருது. மறுக்கலை. ஆனா குமிழியில நம்பர் இல்லையே சார்.”

“அப்போ ஒரு சிலிண்டரும் கத்தியும் கொடுங்க. நானே போறேன்.”

“நீங்க பதினேழா, பதினொன்னா?”

“பதினொன்னு!”

“பதினொன்னு ஏற்கெனவே கீழே இருக்கார். கீழே இருக்கிறவருக்கு மேலே சிலிண்டர் தர விதியில் இடமில்லை.”

“சரி, பதினேழுன்னே வெச்சுக்குங்க.”

“பதினேழு ஒரு முறை வந்துட்டார். மறுபடி போகணும்னா ஓய்வு நேரம் முடியணும்.”

பேயோடு பழகினாலும் பிரியலாம், விதியோடு பழகினால் மீள முடியாது. நான் யோசித்தேன். இவர்கள் யாரைத் தேடினால் எனக்கென்ன? பேருந்து வரைக்கும் போனால் போதுமே.

“சார், பதினொன்னு ரொம்ப நேரமா மேலே வரலை. அவரைத் தேடுங்க.”

மேலாளர் முகம் மலர்ந்தது. “இது நியாயமான கோரிக்கை! தேடல் கட்டணம் ரத்த உறவிலோ கல்யாண உறவிலோ யாராவது கட்டணும். உங்களுக்கு அவர் என்ன வேணும்?”

“அத்தான்” என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

என்னைத் தேடுவதற்கு நானே பணம் கட்டினேன். நிழலில் படுத்திருந்த இரண்டு மீட்பு வீரர்களை எழுப்பி, கையில் ‘பதினொன்று’ என்று எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். நான் கரையில் நின்று வேண்டாத தெய்வம் இல்லை. நாலு கரண்டிச் சோறு கூடப் போட்டால் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிற பயல். அவன் இல்லாமல் வீட்டுக்குப் போய் என் மனைவி முகத்தில் எப்படி விழிப்பேன்?

வீரர்கள் மேலே வந்தார்கள். இரண்டு பேர்தான் வந்தார்கள்.

“பஸ்ஸுக்குள்ள ஒருத்தர் இருக்கார் சார்” என்றார் பெரியவர். “ஆனா நம்ம ஆள் இல்லை. சீட்டைக் காட்டினோம், இல்லைன்னு தலையாட்டிட்டு விரல்ல பதினேழு காட்டினார்.”

“அவனைத்தான்யா காப்பாத்தணும்!”

“நல்லாத்தான் இருக்கார். எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார்.”

“கூப்பிட்டிருக்கான்யா!”

“நாங்களும் ஆட்டினோம்” என்றார் சின்னவர்.

மேலாளர் முகம் சிவந்துவிட்டது. “பதினேழு மேலே வந்தாச்சு. அப்படின்னா கீழே இருக்கிறவர் அனுமதி இல்லாம தங்கியிருக்கார். அபராதம் போடணும்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் வேறு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். “என்ன சார், ஒரு ஆளுக்காக எவ்வளவு நேரம்? நாங்களும் காசு கட்டித்தானே நிக்கிறோம்!” குமிழிகளைப் பார்த்தேன். கொத்துக் கொத்தாக வந்தது இப்போது ஒன்றிரண்டாக வந்தது. மூளைக்கு எட்டாதது கைக்கு எட்டியது. கவுண்டரில் கயிறு போட்டுக் கட்டியிருந்த மார்க்கர் பேனாவைப் பிடுங்கினேன். கயிறு அறுந்தது. பலகைக்கு ஓடினேன். தொங்கிக்கொண்டிருந்த பதினொன்றில், இரண்டாவது குச்சியின் தலையில் ஒரு கோடு இழுத்தேன். பதினேழு ஆகிவிட்டது.

“இப்போ பாருங்க சார், பலகையை!”

மேலாளர் பார்த்தார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயையோ, பதினேழு கீழே இருக்காரே! இதை ஏன் சார் முன்னாடியே சொல்லலை? ஓடுங்கப்பா, கத்தியை எடுங்க! ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல இவ்வளவு அலட்சியமா?”

அலட்சியம் என்று அவர் சொன்னது என்னைத்தான்.

வாரை அறுத்து மச்சானை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். முகம் நீலம் பாரித்திருந்தது. இருமினான், வாந்தி எடுத்தான், பிறகு “அத்தான்” என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கம் என்ன வெட்கம்? அழுதேன். மேலாளர் எங்கள் நடுவே தலையை நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் அவர் முகமும் மச்சானுடைய ஒரு காதும் விழுந்தன.

கணக்கு முடிக்கும்போது, மேலே வரும் கட்டணத்தில் மச்சானுக்குக் கழிவு கேட்டேன், அவனாக வரவில்லையே என்று. ‘தூக்கி வருதல்’ உயர்தர சேவை என்று கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நிறுவனத்தைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாரும் “அடடா, எவ்வளவு உருக்கமா இருக்கு!” என்றார்கள். சும்மா முங்கி எழுந்து வந்து என்ன பெருமை? ஒருவன் மாட்ட வேண்டும், வீரர்கள் தூக்கி வர வேண்டும், சொந்தக்காரர்கள் கரையில் அழ வேண்டும். அதுதான் அனுபவம் என்று ஆகிவிட்டது. நிறுவனமும் சளைக்கவில்லை. ‘மீட்பு அனுபவம், குடும்பத்துடன்’ என்று புதிய கட்டணம் அறிவித்தது. பேருந்தில் இருபது இருக்கையிலும் வார் மாட்டினார்கள். கரையில் கீழே நடப்பதைக் காட்டப் பெரிய திரை வைத்தார்கள்.

“எதிர் வீட்டுல மாமியார் உட்பட எல்லாரையும் காப்பாத்திட்டாங்க” என்றாள் என் மனைவி. “நிஜமாவே மாட்டினவன் நம்ம வீட்டுல இருக்கான். நம்மகிட்ட ஒரு நல்ல படம் இருக்கா? ஒரு காது இருக்கு!”

மச்சானும் தலையை ஆட்டினான். செத்துப் பிழைத்தவனுக்கு இருக்கிற துணிச்சல் யாருக்கு வரும்! மறுபடி போனோம். கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி நெரிந்தது. மச்சான் கீழே போனான். அவனைத் தூக்கி வர எங்கள் டோக்கன் முறை வர வேண்டும், நேரம் ஆகும் என்றார்கள்.

புன்னகை அதிகாரியிடம் கேட்டேன். “ஏம்மா, இதுல யாராவது நிஜமாவே மாட்டிக்கிட்டா?”

“நிஜமா மாட்டுறவங்க ரொம்பத் துடிக்கிறாங்க சார். படம் சரியா வர்றதில்லை. அதனால அந்தச் சேவையை நிறுத்திட்டோம்.”

திரையைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் வரிசை வரிசையாக எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் சீட்டில் மச்சான். மற்றவர்களைவிட வேகமாக ஆட்டினான். வாரைப் பிடித்து இழுத்தான், மறுபடி ஆட்டினான். கூட்டமே அவனைப் பார்த்து வியந்தது. எனக்கு மட்டும் அன்றைக்கு அவன் கை ஆட்டியது நினைவுக்கு வந்தது. எழுந்திருக்கலாமா என்று பார்த்தேன்; எழுந்தால் வரிசையில் இடம் போய்விடும்.

“தம்பி எவ்வளவு தத்ரூபமா பண்றான் பாருங்க!” என்று என் மனைவி கை தட்டினாள்.

பக்கத்தில் எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.