பதினொன்றுக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்த காளான்

தர்னோச்,
அக்டோபர் 9, வியாழக்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய கிசெல்லா மதினி அவர்களுக்கு,

தங்கள் தங்கை எத்தெல்காவின் கணவனும், தர்னோச் அஞ்சலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவனும், சென்ற மாதம் முதல் இவ்வூர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட காளான் ஆலோசகனுமாகிய ஹோர்கோஷ் வெண்டெல், தங்கள் கையை முத்தமிட்டு எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் இடது முழங்காலின் நலத்தையும் அறிய ஆவல். பக்கத்து ஊர் செலென்ஸ் சந்தையில் காளான் பார்க்கத் தங்களுக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். எத்தெல்கா தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, அவள் என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகிறது. அடுப்படியில் பூனையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் காதில் வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கடிதம் தங்களிடம் எதையும் கேட்பதற்காக அல்ல என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வேண்டாம், நடந்ததை நடந்தபடி தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. இருபத்திரண்டு வருஷம் எங்கள் சந்தையில் மீன்கடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, காட்டில் காளான் பறித்துக்கொண்டு வந்தவர்களின் கூடையையெல்லாம் மேஜையில் கவிழ்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமுமாகப் பிரித்து, கெட்டதைப் பினாயில் வாளியில் போட்டு, நல்லதற்கு முத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்தீர்கள். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் இந்த ஊரில் காளான் தின்று ஒருவர்கூடச் சாகவில்லை. வினையே அதனால்தான் வந்தது. ஒருத்தரும் சாகவில்லை என்றால் இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று மேயர் சிலார்ட் ஊர்க்கூட்டத்தில் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, நான் பின்வரிசையில் உட்கார்ந்து நல்ல கேள்விதான் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அதே கூட்டத்தில்தான் மரம் அறுக்கிற ஆம்புருஷ் எழுந்து நின்று தன் கதையைச் சொன்னான். தங்களுக்கு நினைவிருக்காது, தாங்கள் தினம் முப்பது கூடை பார்த்தவர். அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடிகாலையில் எழுந்து நாலு மணி நேரம் மலையேறி, தன் பெண்ணின் பிறந்தநாளுக்கென்று ஒரு கூடை நிறையக் கொண்டு வந்தானாம், தாங்கள் பார்த்த பார்வையிலேயே முழுக் கூடையையும் வாளியில் கொட்டினீர்களாம். இது என்ன, ஏன் கொட்டினீங்கன்னு சொல்லுங்கம்மா என்று அவன் கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதிலைத் தங்கள் குரலிலேயே பேசிக் காட்டினான்.

"சொன்னா உனக்குப் புரியாது. அடுத்த ஆளு வாங்க."

மதினி, மன்னிக்க வேண்டும், அரங்கமே சிரித்தது, ஆனால் அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. ஏனென்றால் அங்கே இருந்த முந்நூறு பேரில் பாதிப் பேருக்கு அதே பதிலைத் தாங்கள் எப்போதோ ஒரு நாள் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கே இரண்டு தடவை சொல்லியிருக்கிறீர்கள், அதில் ஒரு தடவை கிறிஸ்துமஸ் விருந்தில். தாங்கள் கொட்டியது சரிதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஆம்புருஷ் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான், நானும் இந்நேரம் தோட்டத்தில் திராட்சைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பேன். போகட்டும்.

ஜனநாயக நாட்டில் ஊர் என்ன தின்ன வேண்டும் என்பதை ஊர் தேர்ந்தெடுக்காத ஒரு பெண்மணி எப்படி முடிவு செய்யலாம் என்று மேயர் கேட்டதும் கைதட்டல் நிற்கவில்லை. தேர்தல் வைப்பது என்று தீர்மானமானது. தங்களை எதிர்த்து நிற்க ஆள் வேண்டுமே, மறுநாள் மேயர் பிளம் சாராயம் ஒரு புட்டியோடு என் வீட்டு வாசலில் நின்றார். எனக்குக் காளானைப் பற்றி ஒன்றுமே தெரியாதே என்றேன். அதுதான் உங்கள் பலம் என்றார், உங்களுக்கு எந்தக் காளான் மீதும் முன்விரோதம் கிடையாது என்றார். பிறகு என் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, ஜனங்களுக்கு அந்தம்மாகிட்ட வேண்டியது என்ன? முத்திரை. முத்திரை குத்துறதுல உங்களை அடிச்சுக்க இந்த ஜில்லாவுலயே ஆள் இருக்கா?"

புட்டியில் பாதி தீர்ந்தபோது அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. முடிவு தங்களுக்குத் தெரியும், நானூற்றுப் பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றாறு. ஆனால் ஒரு விசித்திரம். தேர்தலுக்குப் பிறகு இதுவரை இருநூற்று நாற்பது பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக நினைக்காதே வெண்டெல், அந்தத் தொண்ணூற்றாறில் நான் ஒருத்தன் என்று ரகசியம் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வாரம் திருவிழாதான். வந்த கூடைக்கெல்லாம் முத்திரை. ஒரு அம்மாள் காளானைச் சமைத்துவிட்டு, கூடையில் விஷம் ஒட்டியிருக்குமோ என்று வெறுங்கூடையைக் கொண்டு வந்தாள், அதற்கும் ஒரு குத்து. எல்லோரும் என்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள், இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள். இரண்டாம் வாரம்தான் பிடித்தது சனி. மதில் ஒன்றாக உள்ள இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே மரத்தடியில் பறித்த ஒரே காளானோடு வந்தார்கள். ஒருத்தர் நல்லது என்கிறார், இன்னொருத்தர் விஷம் என்கிறார், இரண்டு பேருமே எனக்கு ஓட்டுப் போட்டவர்கள். நான் என்ன செய்ய? நல்லது என்று ஒரு சீட்டு, விஷம் என்று ஒரு சீட்டு, இரண்டிலும் முத்திரை. இருவரும் திருப்தியாகப் போய் வாசலில் ஒருவரையொருவர் என் சீட்டைக் காட்டியே திட்டிக்கொண்டார்கள்.

விஷயம் மேயர் காதுக்குப் போனதும், சந்தேகம் வந்தால் வரிசையில் நிற்பவர்களிடமே வாக்கெடுப்பு நடத்திவிடுங்கள் என்று எழுத்து மூலம் உத்தரவு வந்தது. நடத்தினேன். கொழுகொழுவென்று ஒரு காளான், அறுத்த இடம் நீலமாக மாறுகிறது. வெள்ளிக் கரண்டி போட்டுக் கறுக்குதான்னு பார்க்கணும் என்று ஒருவர், நத்தை கடித்திருக்கிறது அதனால் நல்லதுதான் என்று ஒருவர், என் மாமியார் தின்னு தொண்ணூறு வயசு இருந்தாங்க என்று ஒருவர். கை தூக்கச் சொன்னேன். நல்லது என்று பதினோரு கை, கெட்டது என்று நான்கு கை. பலத்த ஆரவாரத்துக்கிடையில் காளான் வெற்றி பெற்றதாக அறிவித்து முத்திரை குத்தினேன். அந்த நாலு பேரையும் சந்தை முழுக்க ஒரு மாதிரி பார்த்தார்கள், அதில் ஒருவர் அப்புறம் என்னிடம் வந்து தன் கையைத் திருத்தி எழுதச் சொல்லிக் கெஞ்சினார். ஆனால் பாருங்கள், கொண்டு வந்த ஆள் காளானை மேஜையிலேயே விட்டுவிட்டு நழுவிவிட்டான். பதினோரு பேரில் யாருக்கு வேண்டும் என்று கேட்டேன். நீங்க எடுத்துக்குங்க, இல்லல்ல நீங்க எடுத்துக்குங்க என்று ஒருவருக்கொருவர் அப்படி ஒரு உபசாரம். சாயங்காலம் சந்தை மூடும்போது ஜெயித்த காளான் அங்கேயேதான் தனியாக உட்கார்ந்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை எனக்குப் பல்லில் கொஞ்சம் தொந்தரவு. காலை ஏழு நாற்பது பஸ்ஸில் செலென்ஸுக்குக் கிளம்பினேன். கையில் ஒரு கூடை இருந்தது, அதில் என்ன இருந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஊரே அதில்தான் இருந்தது, எல்லோர் மடியிலும் ஒரு கூடை, கூடை மேல் ஒரு துண்டு. எங்கே போறீங்க என்றால் எல்லோருக்கும் பல்வலி. மேயரின் மனைவிக்கு இரண்டு கடைவாயிலும். மேயர் கடைசி இருக்கையில் தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார், தொப்பி புடைத்துக்கொண்டிருந்தது. செலென்ஸில் இருந்த பல் டாக்டர் போன வருஷமே ஊரை விட்டுப் போயிட்டாரே என்று டிரைவர் சும்மா சொல்லி வைத்தார். எல்லோரும் கூடை மேலிருந்த துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து மேயரும் மேயரைப் பார்த்து நானும் சிரித்துக்கொண்டோம், நான் பாதி வழியில் இறங்கி நடந்தே வீடு திரும்பினேன். மற்றவர்கள் தங்களிடம் வந்து சேர்ந்திருப்பார்கள். வரிசை நீளமாக இருந்திருக்கும், தங்கள் முழங்காலுக்கு அது நல்லதில்லை.

இப்போது நாளை மறுநாள் சனிக்கிழமை திராட்சை அறுவடை விழா. இந்த வருஷம் மக்கள் வெற்றியைக் கொண்டாட, ஊரார் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் பறித்துக் கொடுத்த காளானை ஒரே கொப்பரையில் போட்டு, பாப்ரிகா மிளகாய்த்தூள் தூக்கலாகக் குழம்பு வைத்து, சர்ச் மைதானத்தில் முந்நூறு பேருக்குப் பந்தி. முதல் தட்டு காளான் ஆலோசகருக்கு, அவர் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஊர் கண்ணாரக் கண்டதும் இரண்டாவது பந்தி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று ஊர்ச்சபையில் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறார்கள். இந்தக் கூடைகளை யாரும் பஸ்ஸில் ஏற்றவில்லை. ஏற்ற வேண்டிய அவசியமில்லையே, ஆளுக்குக் கொஞ்சம்தானே, மற்றவர் காட்டியிருப்பார் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

ஆம்புருஷ் தனியாக இரண்டு பெட்டி கொண்டு வந்திருக்கிறான். வெளிறின பச்சைக் குடை, அடியில் வெள்ளை மடிப்பு, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. புறாக்காளான், சாப்பிடுகிற ஜாதிதான் என்கிறான். தண்டையெல்லாம் மண் இல்லாமல் மேலோடு அறுத்துச் சுத்தமாகக் கொண்டு வந்திருக்கிறான். தாங்கள் மேஜை இழுப்பறையில் விட்டுப்போன பழைய புத்தகத்தை நான் படித்துக்கொண்டிருக்கிறேன், மூன்று வாரமாக, முதலிலிருந்து. தண்டின் அடியில் பை மாதிரி ஒன்று இருந்தால் அது கொலைகாரக் காளான், அதனால்தான் வேரோடு முழுசாகக் கொண்டு வரச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தின்றால் உடனே ஒன்றும் ஆகாதாம். ருசியாகக்கூட இருக்குமாம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்குமாம், அதற்குள் முந்நூறு பேரும் சாப்பிட்டுக் கை கழுவி நடனமாடி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடிப்பாகம் எங்கேப்பா என்று ஆம்புருஷிடம் கேட்டேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"நீயும் அந்தம்மா மாதிரி ஆரம்பிச்சிட்டியா, வெண்டெல்? உனக்கு ஓட்டுப் போட்டது எதுக்கு?"

பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டேன். மக்கள் தீர்ப்பே இறுதியானது. மக்கள் என்னை நம்பி இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள், அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றுவேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு முத்திரையோடு மைதானத்தில் நிற்பேன், முதல் தட்டை மனப்பூர்வமாகச் சாப்பிடுவேன். அறிவு பெரிதா மக்கள் பெரிதா என்று கேட்டால் மக்கள்தான் பெரிது. தங்களுக்கு இதில் வருத்தம் இருந்தால் அதையும் மதிக்கிறேன். தாங்கள் எங்களைப் பற்றிக் கவலைப்பட்டு எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ள வேண்டாம், மறுபடி சொல்கிறேன், நான் எதையும் கேட்கவில்லை.

தங்கள் முழங்கால் வலி குளிருக்கு முன் தீரவும், செலென்ஸ் மக்கள் தங்களைப் போற்றவும், ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் எனக்குக் குறைந்தபட்சம் ஞாயிற்றுக்கிழமை வரையிலும் அருளவும் வேண்டிக்கொண்டு, மறுபடியும் தங்கள் கையை முத்தமிடும்,

தங்கள் தங்கை கணவன்,
ஹோர்கோஷ் வெண்டெல்
(மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவன்)

பி.கு.: மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எதையும் கேட்கவில்லை, மனப்பூர்வமாகச் சாப்பிடுவேன் என்றதெல்லாம் பொய். எனக்குப் பயமாக இருக்கு மதினி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபத்திரண்டு பேர், போன வாரம்தான் எண்ணினேன். கொப்பரைக்கு வந்த அத்தனை கூடையையும் ஆம்புருஷின் பெட்டிகளையும் உங்கள் பழைய அறையில் வைத்து இன்று காலை பூட்டிவிட்டேன். சாவி எங்கே என்று மேயர் கேட்கிறார், தொலைந்துபோச்சு என்றேன், பூட்டை உடைக்க நாளைக்கு ஆள் வருகிறானாம், அவன் வந்தால் நான் கதவுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். கடிதத்தை டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை முதல் பஸ் இங்கே ஒன்பது பத்துக்கு வருகிறது. வாங்க. எல்லோர் முன்னாடியும் என்னைத் திட்டுங்க, வாளியைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தாலும் சரி. ஆனால் ஆம்புருஷின் பெட்டியைத் திறக்கும்போது ஏன் என்று அவனிடம் சொல்லுங்க, அவனுக்குப் புரியும், எனக்கே புரிந்ததே. இன்னொன்று, எத்தெல்காவிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் குறி போட்டது உங்கள் பெயருக்குத்தான். நானே ஓட்டுப் போடாத ஒரு ஆளை நம்பி முந்நூறு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்கள்.